தனுஷ்கோடியில் பார்த்தது வளையம்: முழு சூரிய கிரகணத்துக்கு எங்கே போக வேண்டும்?

2010 ஜனவரி 15, தை அமாவாசை. அன்று இராமேசுவரத்தில் கூடிய கூட்டத்தை நம் கரையில் பலர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அக்னி தீர்த்தத்தில் முன்னோருக்குத் திதி கொடுக்க வந்தவர்கள் ஒரு பக்கம், தொலைநோக்கிகளைச் சுமந்து வந்த வானியல் ஆர்வலர்கள் இன்னொரு பக்கம். தனுஷ்கோடிக்கு அப்போது முகுந்தராயர் சத்திரம் வரைதான் தார்ச் சாலை. அதற்கு அப்பால் மணலில் ஓடும் வேன்களை நம்பித்தான் போக வேண்டும். பிற்பகல் ஒன்றேகால் மணியளவில் சூரியனின் நடுப்பகுதி கறுத்து, விளிம்பு மட்டும் ஒரு வளையமாகப் பத்து நிமிடம் நின்றது. இந்த ஆயிரமாண்டிலேயே மிக நீண்ட வளைய கிரகணம் அது. இந்தியப் பெருங்கடலின் நடுவே ஓரிடத்தில் 11 நிமிடம் 8 விநாடி நீடித்தது.

முழு சூரிய கிரகணம் பார்ப்பதற்காக வெளிநாடு வரை போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று இங்கே யாரிடமாவது சொன்னால், "அதைத்தான் தனுஷ்கோடியிலேயே பார்த்துவிட்டோமே" என்ற பதில் வரும். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பதில்தான். 2010-இல் கண்டது அரிய காட்சி. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அன்று பகல் இரவாகவில்லை. கிரகணக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு விநாடிகூடச் சூரியனைப் பார்க்க முடியவில்லை. முழு கிரகணத்தில் இவை இரண்டும் நடக்கும். அதற்காகத்தான் மக்கள் கடல் கடந்து போகிறார்கள். 2027-இல் அந்த வாய்ப்பு, நம் கரைக்காரர்கள் நன்கு அறிந்த ஓர் ஊருக்கு வருகிறது.

எல்லா அமாவாசைக்கும் ஏன் வருவதில்லை?

அமாவாசையைப் பற்றிக் கடற்கரையில் வாழ்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று நீரோட்டம் வலுக்கும். கடல் ஏறுவதும் வற்றுவதும் கூடுதலாக இருக்கும். சூரியனும் சந்திரனும் ஒரே பக்கத்தில் நின்று சேர்ந்து இழுப்பதே காரணம். சூரிய கிரகணமும் அமாவாசையன்று மட்டுமே நடக்கும். நமக்கும் சூரியனுக்கும் நடுவே சந்திரன் வந்தால்தானே சூரியனை மறைக்க முடியும்?

அப்படியானால் மாதம்தோறும் ஒரு கிரகணம் வர வேண்டுமே என்று கேட்பது நியாயம். சந்திரனின் பாதை சற்றே சாய்ந்திருப்பதால் அப்படி வருவதில்லை. பூமி சூரியனைச் சுற்றும் தளத்தோடு ஒப்பிட்டால் அந்தச் சாய்வு ஏறத்தாழ 5 பாகை. எனவே பெரும்பாலான அமாவாசைகளில் சந்திரன் சூரியனுக்கு மேலாகவோ கீழாகவோ விலகிப் போய்விடுகிறது. அதன் நிழல் பூமியைத் தொடாமல் வெட்டவெளியில் விழுகிறது. இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்றின் அருகே அமாவாசை அமைந்தால் சூரிய கிரகணம் உண்டு.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்கள் ஒன்பது. அவை குறிக்கும் கிரகங்களில் ஏழை வானத்தில் கண்ணால் பார்க்கலாம். ராகுவையும் கேதுவையும் பார்க்க முடியாது. ஏனென்றால் நம் பழைய கணித நூல்கள் ராகு, கேது என்ற பெயரில் கணக்கிட்டவை இந்த இரு வெட்டுப் புள்ளிகளைத்தான். அவை ஓரிடத்தில் நிற்காமல் 18.6 ஆண்டுகளில் வானத்தை ஒருமுறை சுற்றி வருகின்றன. சந்திரன் மறைப்பதால் சூரிய கிரகணமும், பூமியின் நிழல் விழுவதால் சந்திர கிரகணமும் நிகழ்கின்றன என்று ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டு வாக்கிலேயே எழுதிவிட்டார்.

இந்தக் கணக்கு தமிழ்நாட்டில் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. சென்னை வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன் 1825-இல் புதுச்சேரியில் கண்ட ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு தமிழ்க் கணியர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்குக்கும் உண்மைக்கும் வித்தியாசம் நான்கே நிமிடம். காகிதமும் இல்லாமல் இதைச் செய்த அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதம் பொங்குகிறது.

வளையம் எப்போது, முழுமை எப்போது?

பாம்பன் கலங்கரை விளக்கத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கட்டை விரலை முகத்துக்கு நேராக நீட்டினால், அவ்வளவு உயரமான கட்டடமும் விரலுக்குப் பின்னால் மறைந்துவிடும். விரலைக் கண்ணிலிருந்து தள்ளிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் கட்டடத்தின் ஓரம் வெளியே தெரியத் தொடங்கும். கிரகணத்தில் நடப்பது இதுதான். சூரியனின் விட்டம் ஏறத்தாழ 13 லட்சத்து 92 ஆயிரம் கிலோமீட்டர். சந்திரனுடையது 3,474 கிலோமீட்டர். சூரியன் 400 மடங்கு பெரியது. ஆனால் அது கிட்டத்தட்ட 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. ஆகவே இங்கிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன.

இந்தச் சமநிலை மிக நுண்ணியது. சந்திரன் பூமியிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதில்லை. சுமார் 3,56,000 கிலோமீட்டர் வரை நெருங்கி வரும். 4,07,000 கிலோமீட்டர் வரை விலகியும் போகும். அருகில் இருக்கும்போது சூரியனை முழுதாக மூடிவிடும். தொலைவில் இருக்கும்போது மூட முடியாமல் விளிம்பை வெளியே விட்டுவிடும். அதுவே வளைய கிரகணம். கங்கண கிரகணம் என்றும் சொல்வோம்.

2010-இன் வளையம் அவ்வளவு நீண்டு நின்றதற்கு இரண்டு காரணங்கள் ஒன்று சேர்ந்தன. சந்திரன் அப்போது பூமியிலிருந்து மிக விலகியிருந்தது. பூமியோ ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் இருக்கும்; அதனால் சூரியன் சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. 2027 ஆகஸ்டில் இதற்கு நேர்மாறு. பூமி சூரியனிலிருந்து விலகியிருக்கும் பருவம் அது. சந்திரனோ பூமியை நெருங்கி வரும் நாட்கள். சிறுத்த சூரியனைப் பெருத்த சந்திரன் மறைக்கப்போகிறது. அதனால்தான் அந்தக் கிரகணத்தின் முழுமை, அதாவது சூரியன் முழுதாக மறைந்திருக்கும் நேரம், சில இடங்களில் ஆறு நிமிடத்தைத் தாண்டுகிறது. முழு கிரகணம் எந்தக் காலத்திலும் ஏழரை நிமிடத்துக்கு மேல் நீடிக்க முடியாது என்பதைக் கொண்டு பார்த்தால், ஆறு நிமிடம் எவ்வளவு பெரிய கொடை என்பது விளங்கும்.

தொண்ணூற்றொன்பது சதவீதம் மறைந்தால் போதாதா?

போதாது. கிரகணப் பயணம் என்ற எண்ணமே இந்த ஒரு விஷயத்தின்மேல்தான் நிற்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சூரியனைச் சுற்றிக் கரோனா என்ற மெல்லிய ஒளிமண்டலம் எப்போதும் இருக்கிறது. அதன் ஒளி, சூரிய வட்டின் ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். கிட்டத்தட்ட முழு நிலவின் வெளிச்சம். வட்டின் 99 சதவீதம் மறைந்து ஒரு சதவீதம் மட்டும் மீதி இருந்தாலும், அந்தக் கீற்றின் ஒளி கரோனாவைவிடப் பத்தாயிரம் மடங்கு அதிகம். அது இருக்கும்வரை கரோனா தெரியாது, வானம் இருளாது, கண்ணாடியைக் கழற்றவும் கூடாது. கடைசிக் கீற்றும் மறைந்த கணத்தில்தான் எல்லாம் மாறுகிறது. 2010-இல் தனுஷ்கோடியில் சூரிய வட்டில் ஏறத்தாழ 84 சதவீதம் மறைந்திருந்தது. வெயிலின் சூடு தணிந்தது, வெளிச்சம் மங்கியது. ஆனாலும் அது பகல்தான்.

இன்னொரு சிக்கல், முழுமை தெரியும் நிலப்பகுதி மிகக் குறுகியது. சந்திரனின் கருநிழல் பூமியைத் தொடும் இடம் பெரும்பாலும் சில நூறு கிலோமீட்டர் அகலம்கூட இருக்காது. அந்த நிழல் நிலத்தின்மேலும் கடலின்மேலும் ஓடிப் பல ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை போடுகிறது. பட்டைக்குள் நிற்பவர்களுக்கு முழு கிரகணம். வெளியே, புறநிழலில் நிற்பவர்களுக்கு எவ்வளவு அருகில் இருந்தாலும் பகுதி கிரகணம் மட்டும்தான். ஏதேனும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டால், அதன்மேல் கருநிழல் விழுவது சராசரியாக 375 ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஊரிலேயே காத்திருந்தால் நம் காலத்தில் வராமலே போகலாம்.

நம் பக்கத்தை அந்தப் பட்டை நெருங்கிச் சென்ற நாட்களும் உண்டு. 1871 டிசம்பர் 12 அன்று கருநிழல் மலபார்க் கரையில் பேக்கலில் ஏறி, நீலகிரி, புதுக்கோட்டை வழியாக வந்து யாழ்ப்பாணத்துக்குத் தாண்டியது. அதைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து வானியலாளர்கள் கப்பலில் வந்தார்கள். பேக்கல் கோட்டையில் முகாமிட்டவர் நார்மன் லாக்யர். நீலகிரியில் தங்கியவர் பிரெஞ்சுக்காரரான ஜான்சென். இந்த ஜான்சென் அதற்கு மூன்றாண்டு முன்பே, 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்துக்காகக் குண்டூருக்கும் வந்தவர். ஹீலியம் என்ற தனிமத்தின் முதல் தடயம் கிடைத்தது அந்த 1868 கிரகணத்தில்தான். பூமியில் அது கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே சூரிய ஒளியில் கண்டார்கள். ஆக, கிரகணத்தைத் தேடி ஊர் விட்டு ஊர் போவது இன்று முளைத்த பொழுதுபோக்கு அல்ல. ஒரு காலத்தில் அவர்கள் நம் மண்ணைத் தேடி வந்தார்கள்.

1955 ஜூன் 20 அன்று பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையின்மேல் கருநிழல் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் மிக நீண்ட முழு கிரகணம் அது. பல நாட்டு ஆய்வாளர்கள் அங்கே கூடினார்கள். மேகம் மூடிக் கெடுத்துவிட்டது. இந்தத் தேதியை நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கிரகணங்கள் 18 ஆண்டு, 11 நாள், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே அமைப்பில் திரும்பி வரும். இந்தச் சுழற்சிக்குச் சாரோஸ் என்று பெயர். அந்த எட்டு மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு திரும்பிவிடுவதால், அடுத்த கிரகணம் உலகின் வேறு பக்கத்தில் விழும். இலங்கையில் விழுந்த அதே வரிசைதான் 1973-இல் ஆப்பிரிக்கா, 1991-இல் மெக்சிகோ, 2009 ஜூலை 22-இல் சூரத், வாரணாசி, பாட்னா பக்கம் என்று வந்தது. அதன் அடுத்த வருகை 2027 ஆகஸ்ட் 2.

ஜித்தாவுக்கு வரும் நிழல்

அன்று கருநிழல் அட்லாண்டிக் கடலில் தொடங்கி, தெற்கு ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, லிபியா, எகிப்து வழியாக வந்து செங்கடலைத் தாண்டும். பிறகு சவுதி அரேபியாவின் ஜித்தா, மக்கா, அதற்கும் தெற்கே ஏமன், சோமாலியா. எகிப்தின் லக்சர் நகரத்துக்கு அருகே முழுமை 6 நிமிடம் 23 விநாடி வரை நீடிக்கும். ஜித்தாவில் ஏறத்தாழ ஆறு நிமிடம். மக்காவில் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல்.

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என்று நம் கரையில் எந்த ஊரை எடுத்தாலும், சவுதியில் ஓர் அண்ணனோ மாமாவோ மச்சானோ இல்லாத தெரு அரிது. முழு கிரகணத்துக்குப் பயணம் போவது வசதி படைத்த வெளிநாட்டாரின் வேலை என்ற எண்ணம் இங்கே மாறலாம் என்று நான் நம்புவது அதனால்தான். அங்கே வேலை பார்ப்பவர்கள் செய்ய வேண்டியது அந்த ஒரு நாள் பிற்பகலுக்கு விடுப்புக் கேட்டு வைப்பது மட்டுமே. ஆகஸ்ட் 2 திங்கட்கிழமை, அங்கே வேலை நாள். முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் கிடைக்காது.

ரியாத்திலோ தம்மாமிலோ இருப்பவர்களுக்கு முழுமை தெரியாது. அவர்கள் ஜித்தாவுக்குப் போக வேண்டும். உம்ராவுக்குத் திட்டமிடுகிறவர்கள் பயண முகவரிடம் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: அந்தத் திங்கட்கிழமை மதியம் மக்காவிலோ ஜித்தாவிலோ இருக்க வேண்டும். மதீனா நிழல் பட்டைக்கு வெளியே இருக்கிறது. அங்கே இருந்தால் பகுதி கிரகணத்தோடு திரும்ப நேரிடும். அந்த ஆண்டு ஹஜ் மே மாதத்திலேயே முடிந்துவிடுவதால் அந்த நெரிசல் இருக்காது. மக்காவுக்குள் முஸ்லிம்கள் மட்டுமே செல்ல முடியும். மற்றவர்களுக்கு ஜித்தா இருக்கிறது. முழுமையும் அங்கேதான் கூடுதல் நேரம். இங்கிருந்து போகிறவர்கள் கொச்சி வழியாகவோ சென்னை வழியாகவோ போகலாம். விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. பயணம் முடிவாகும் சமயத்தில் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்வதே சரி.

உறவும் தொடர்பும் இல்லாதவர்களுக்கு லக்சர் நல்ல தேர்வு. ஆகஸ்டில் அங்கே மேகமே அரிது. ஸ்பெயின் அழகான நாடுதான், ஆனால் நம் கரையிலிருந்து செலவு அதிகம், முழுமையும் குறைவு. 2026 ஆகஸ்ட் 12-இன் முழு கிரகணமும் ஸ்பெயினுக்கு வருவதே. ஆனால் அங்கே சூரியன் மறையும் வேளையில், அடிவானத்துக்கு அருகில் நடப்பது. முழுமை இரண்டு நிமிடத்தை ஒட்டித்தான். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் 2027-ஐ விடக் கூடாது என்பது என் கருத்து.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் வானிலை. 1999 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் பருவமழை மேகம் முழு கிரகணத்தை மறைத்தது. 2009-இல் பாட்னாவுக்கு அருகே தாரேகனாவில் திரண்ட பெருங்கூட்டம் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. ஜித்தாவில் மழை மேகத்துக்கு வாய்ப்புக் குறைவு. புழுதிக் காற்றும் கடலோர மங்கலும்தான் கவலை. முதல் நாள் மாலையே வானிலை அறிவிப்பைப் பாருங்கள். தேவையானால் பட்டைக்குள்ளேயே வேறு இடத்துக்கு நகர ஒரு வண்டியை ஏற்பாடு செய்து வைத்திருங்கள். அடுத்தது பட்டையின் மையக்கோடு. மையத்தை நெருங்க நெருங்க முழுமை நீளும். விளிம்பில் சில விநாடிகளே கிடைக்கும். இணையத்தில் கிடைக்கும் கிரகண வரைபடங்களில் ஊரின்மேல் தொட்டால் தொடக்கம், முடிவு, முழுமையின் நீளம் மூன்றையும் விநாடிச் சுத்தமாகக் காட்டும்.

வெயிலை லேசாக எண்ண வேண்டாம். ஜித்தாவின் ஆகஸ்ட் வெயில் 40 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும். காற்றில் ஈரமும் அதிகம். சித்திரை வெயிலில் உப்பளத்தில் நின்று பழகியவர்களுக்கும் அங்கே குடையும் தண்ணீரும் நிழலும் வேண்டும். சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேல் நிற்கும். நின்றுகொண்டே அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலி எடுத்துவிடும். ஒரு பாயை விரித்துப் படுத்துக்கொண்டு பார்ப்பதே உத்தமம்.

அந்தப் பிற்பகலில் என்ன நடக்கும்?

நண்பகலை ஒட்டி, சூரியனின் விளிம்பில் சிறு கடிவாய் விழும். கண்ணாடி போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த ஒன்றேகால் மணி நேரத்துக்குமேல் கறுப்பு மெல்ல மெல்ல ஏறும். இந்த நேரத்தில் தரையையும் பாருங்கள். வேப்பமரத்தின் இலை இடுக்குகள் வழியாகவும் கீற்றுக் கொட்டகையின் ஓட்டைகள் வழியாகவும் விழும் வட்ட வட்ட வெளிச்சங்கள் எல்லாம் பிறை பிறையாக மாறியிருக்கும். ஒவ்வொரு சிறு துளையும் சூரியனின் உருவத்தைத் தரையில் வரைகிறது. மரம் இல்லாத இடத்தில் ஒரு சல்லடையைத் தூக்கிப் பிடித்தால் போதும். குழந்தைகளுக்குக் காட்ட இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

முழுமைக்குக் கால் மணி நேரம் முன்பிருந்து வெளிச்சத்தின் தன்மையே மாறும். அந்திவேளைப் பொன்னிறம் இருக்காது. வெளிறிய சாம்பல் நிறம். நிழல்களின் ஓரங்கள் கத்தியால் அறுத்தவைபோல் கூர்மையாகும். காற்று குளிரும். பறவைகள் கூடு திரும்பும். தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து வைத்திருந்தால், முழுமைக்கு ஓரிரு நிமிடம் இருக்கும்போது அதன்மேல் மங்கலான கோடுகள் நெளிந்து ஓடுவதைச் சில சமயம் காணலாம். மெல்லிய கீற்றாகிவிட்ட சூரியனின் ஒளியைக் காற்று மண்டலம் கலைப்பதால் வருபவை அவை.

கடைசி நிமிடத்தில் வடமேற்கைப் பாருங்கள். செங்கடலின்மேல் கருநிழல் மணிக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் வந்துகொண்டிருக்கும். அடிவானத்திலிருந்து இருள் எழுந்து வருவதைக் கடற்கரையில் நிற்பவர்கள் தெளிவாகக் காணலாம். சூரியக் கீற்று உடைந்து மணிமணியாகும்; சந்திரனின் மலைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தாக்குகள் வழியாக வரும் ஒளி அது. பெய்லி மணிகள் என்பார்கள். பிறகு ஒரே ஒரு புள்ளி எரியும், சுற்றிலும் மங்கிய வளையம்: வைர மோதிரம். அதுவும் அணையும்.

அணைந்தவுடன் கண்ணாடியைக் கழற்றலாம். கழற்ற வேண்டும். கண்ணாடியோடு பார்த்தால் அப்போது ஒன்றுமே தெரியாது. வானத்தில் சூரியன் இருந்த இடத்தில் கறுப்பு வட்டம். அதைச் சுற்றி நாலாபுறமும் விரிந்த கரோனாவின் வெண்ணிற இழைகள். வட்டத்தின் விளிம்பில் இளஞ்சிவப்பாகச் சில தீக்கொழுந்துகள் தெரியலாம். அவை ஒவ்வொன்றும் பூமியைவிடப் பெரியதாக இருக்கக்கூடும். பட்டப்பகலில் வெள்ளி முதலான பிரகாசமான கோள்கள் தென்படும். சுற்றிலும் அடிவானம் முழுவதும், எட்டுத் திசையிலும், அந்திச் செம்மை படர்ந்திருக்கும். நிழலுக்கு வெளியே இருக்கும் பகலின் ஒளி அது.

இந்த ஆறு நிமிடத்தை செல்பேசித் திரையில் தொலைத்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். கரோனாவின் அருகில் இருக்கும் ஒளிக்கும் தொலைவில் இருக்கும் ஒளிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண் பிடிப்பதுபோல எந்தச் செல்பேசியும் பிடிக்காது. நல்ல படங்களை நூறு பேர் எடுத்து வெளியிடுவார்கள். வேண்டுமானால் செல்பேசியை எங்காவது சாய்த்து வைத்து, கூடியிருப்பவர்களின் முகங்களையும் குரல்களையும் பதிவு செய்ய விட்டுவிடுங்கள். தொழுகை முடித்து வருபவர்கள், வேலைத்தளத்திலிருந்து ஓடி வந்தவர்கள், சிறு பிள்ளைகள் என எல்லோரும் ஒரே நேரத்தில் எழுப்பும் ஒலி பிற்காலத்தில் கேட்கத் தகுந்தது.

கண்

இங்கே சமரசமே கிடையாது. விழித்திரைக்கு வலி தெரியாது. ஆகவே கருகும்போது கண் எச்சரிக்காது. பாதிப்பு சில மணி நேரம் கழித்தே புரியும், நிரந்தரமாகவும் ஆகிவிடலாம். கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படம், புகை படிந்த கண்ணாடித் துண்டு, தண்ணீரில் மஞ்சள் கரைத்துப் பார்ப்பது எதுவும் பாதுகாப்பல்ல. படகுப் பட்டறைகளில் கிடைக்கும் வெல்டிங் கண்ணாடியைப் பலர் நம்புகிறார்கள். பட்டறைகளில் சாதாரணமாகப் பயன்படுவது 10, 11 எண் கொண்டவை. சூரியனுக்கு 14-ஆம் எண் வேண்டும். ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற தரக்குறி உள்ள கிரகணக் கண்ணாடிதான் எளிது, மலிவு. கீறலோ ஓட்டையோ இருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். பைனாகுலருக்கும் தொலைநோக்கிக்கும் வடிகட்டி முன்பக்க வில்லையின்மேல் இருக்க வேண்டும்; கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு பைனாகுலரில் பார்த்தால் குவிந்த ஒளி கண்ணாடியையே பொசுக்கிவிடும்.

முழுமை முடிந்து மறு விளிம்பில் முதல் ஒளித்துளி தெறித்ததும் கண்ணாடி திரும்பக் கண்ணில் ஏற வேண்டும். முழுமையின் நீளத்தை முன்பே தெரிந்துகொண்டு, முடிய அரை நிமிடம் இருக்கும்போது ஒலிக்குமாறு மணி வைத்துக்கொள்வது நல்லது.

கிரகண வேளையில் வெளியே வரக்கூடாது, சமைத்த உணவு கெட்டுவிடும், கருவுற்ற பெண்களுக்கு ஆகாது என்ற அச்சங்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. கிரகணத்தின்போது சூரியனிலிருந்து புதிதாக எந்தக் கதிரும் வருவதில்லை. வழக்கமாக வருவதே குறைகிறது. நேராகப் பார்த்தால் கண் கெடும் என்பது ஒன்றே உண்மையான ஆபத்து. தீர்த்தமாடுவதும் கிரகணத் தொழுகையும் அவரவர் வழிபாடு. அவற்றைச் செய்துவிட்டு வானத்தையும் பார்க்கலாம்.

ஊரிலேயே இருப்பவர்களுக்கு

2027 ஆகஸ்ட் 2 மாலையில் நம் கரையிலும் பகுதி கிரகணம் உண்டு. சூரியன் மேற்கே இறங்கியிருக்கும் நேரம். பனைமரங்கள் மறைக்காத திறந்த மேற்குத் திசை தெரியும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். முழுமை இல்லாததால் தொடக்கம் முதல் முடிவு வரை கண்ணாடி கண்ணிலேயே இருக்க வேண்டும்.

இந்தியாவுக்குள் அடுத்த முழு கிரகணம் 2034 மார்ச் 20 அன்று, காஷ்மீர், லடாக் மலைப்பகுதிகளில். பாஸ்போர்ட் தேவையில்லை என்றாலும் மார்ச் மாத மலைமேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அதற்கு முன் 2031 மே 21 அன்று ஒரு வளைய கிரகணம் மதுரை, காரைக்குடி பக்கமாகச் சென்று கடலைத் தாண்டப் போகிறது. அந்தப் பட்டையின் தெற்கு விளிம்பு நமக்கு அருகில் வருவதால், பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் இருக்கும். இராமேசுவரம், இராமநாதபுரம், தொண்டி மூன்றையும் வரைபடத்தில் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள். வளையம் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்றால் பஸ் ஏறி வடக்கே காரைக்குடிப் பக்கம் போய்விடுவது நிச்சயமான வழி. 2027-இல் வாங்கிய கண்ணாடியைக் கீறல் படாமல் எடுத்து வைத்திருந்தால் அதற்கும் பயன்படும்.